கையோடு போன கிழங்கு

வண்டன்மேடு என்றால் ஏலக்காய். கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து விடிவதற்கு முன்பே ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறுவது காய் எடுக்கத்தான். எடுத்த காய் ஸ்டோரில் உலர்ந்து, தரம் பிரிந்து, புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மாறி மாறி ஏலம் போகும். அதைக் கவனிக்க வாரியம் இருக்கிறது, வியாபாரிகள் சங்கம் இருக்கிறது, விலை ஏறினால் பத்திரிகையில் செய்தியே வரும். அதே தோட்டங்களின் ஓடைக்கரையில், யாரும் நடாமல் தானாக முளைத்தது போல அகல இலை விரித்து நிற்கும் சேம்பைக் கேட்க நாதியில்லை. கீழ்நாட்டில் சேப்பங்கிழங்கு என்று தராசில் ஏறுகிற அதே கிழங்குதான்.

தானாக முளைத்தது போலத் தெரியுமே தவிர, அப்படி இல்லை. பயிர்ச்சேம்பு பூப்பதே அபூர்வம். விதையை நம்பி யாரும் சேம்பு வைப்பதில்லை. தோண்டும்போதே பக்கக் கிழங்கில் கொஞ்சத்தை ஒதுக்கிவைத்து அடுத்த மழைக்கு ஊன்றுவார்கள். அல்லது தாய்க்கிழங்கின் தலையைச் சாண் நீளத் தண்டோடு அரிந்து ஈரமண்ணில் செருகுவார்கள். அவ்வளவுதான் நடவு. நீர் கோத்த இந்தத் துண்டைக் காற்று தூக்கிப்போகாது. உப்புக்கடலில் மிதந்துபோய் அக்கரையில் பிழைப்பதும் நடக்கிற காரியமில்லை. ஆகவே ஒரு பயிர்ச்சேம்பு எந்த ஊரில் நின்றாலும், எவரோ ஒருவர் மடியிலோ கூடையிலோ வைத்து அதை அங்கே கொண்டுபோயிருக்கிறார். வண்டன்மேட்டுக்கும் அப்படித்தான், ஹவாய்த் தீவுகளுக்கும் அப்படித்தான்.

ஹவாய் இதற்குள் எப்படி வந்தது என்றால், அதற்கு ஒரு நண்பன் காரணம். கம்பத்துக்காரன். சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இன்னொருவன் தேக்கடியில் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி. ஆடி மழையில் ஒரு நாள், வண்டன்மேட்டில் கப்பல்காரனின் அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா சேம்பு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கையில எண்ணெய் தடவாம உரிக்கிற?"

"வெந்த கிழங்குக்கு எதுக்குடா எண்ணெய்? பச்சையாச் சீவும்போதுதான் தடவணும்."

"ஹவாயில இதையேதான்க்கா இடிச்சுக் கூழாக்கித் திங்கிறாங்க. போயின்னு பேரு."

"குழம்பு ஊத்தாமயா?"

"குழம்பும் இல்ல, தாளிப்பும் இல்ல. கூழுல உப்புகூடக் கிடையாது. பக்கத்துல மீனு, பன்னிக்கறின்னு ஏதாச்சும் உப்புக் கரிக்க வச்சுக்கிருவாங்க."

"யாரு, சீக்காளிக்கா?"

"எல்லாருக்கும்தான். அவங்க ராசா காலத்துல ராசாவுக்கும் அதுதான் சோறு."

அக்கா நம்பவில்லை. மதுரைக்குத் தெற்கே புளியும் மிளகாயும் இல்லாமல் சேப்பங்கிழங்கைக் கற்பனை செய்வது கஷ்டம். மேலே மலையாள வீடுகளில் தேங்காயும் சீரகமும் அரைத்துப் புழுக்காக்கி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு சாப்பிடுவார்கள். தண்டை அரிந்து புளி விட்டுத் தாள்கறி வைப்பார்கள். கர்க்கடக மாதத்தில் சமைக்கும் பத்து இலைக் கறியில் சேம்பிலையும் ஒன்று. மங்களூர்ப் பக்கம் இலையில் அரிசிமாவு தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைத்தால் பத்ரோடே. பெரும்பாலான ஊர்ப் பக்குவங்களில் புளி, மோர், மாங்காய் என்று ஏதோ ஒரு புளிப்பு உள்ளே நுழைந்திருக்கும். காரணம் ருசி மட்டும் இல்லை.

சேம்பின் உடம்பெல்லாம், கிழங்கு, தண்டு, இலை என்று எதையும் விடாமல், கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். பச்சையாகக் கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி ஏறும். சீவும் கையிலும் அரிப்பெடுக்கும். கடித்துத் தின்ன வருகிற பூச்சியையும் பிராணியையும் விரட்ட அந்தச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. நன்றாக வேகவைத்தால் அடங்கும். புளிப்பு சேர்ந்தால் இன்னும் அடங்கும். கப்பல்காரனுக்கு இது அனுபவப்பாடம். ஹவாய் விருந்து என்று ஒரு ராத்திரி கப்பலில் சேம்பிலைப் பொட்டலம் செய்தார்களாம். நேரமில்லை என்று யாரோ ஆவியிலிருந்து சீக்கிரம் இறக்கிவிட்டார். ருசி பார்த்த ஆறேழு சமையல்காரர்களும் அரைமணி நேரம் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். "கீரைதானேன்னு நினைச்சுட்டானுக," என்றான்.

ஆயுதம் தரித்த இந்தச் செடியை மனிதர்கள் எப்போது பிடித்துப் பழக்கினார்கள் என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. சாலமன் தீவுக்கூட்டத்தில் கிலு குகையில் எடுத்த கற்கருவிகளில் சேம்பின் மாவுத்துகள் ஒட்டியிருந்தது. அவற்றின் வயது ஏறத்தாழ 28,000 ஆண்டு. அது காட்டில் தோண்டித் தின்ற காலம். நியூ கினியின் மலைப்பள்ளத்தாக்கில் குக் என்ற சதுப்புநிலத்தில் சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய கருவிகளிலும் சேம்பு கிடைத்தது. அதற்குப் பின்னால் வடிகால் வெட்டிப் பயிர்செய்த தடமும் அங்கேயே இருக்கிறது. 2008-இல் அந்தச் சதுப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் வடகிழக்கும் தென்கிழக்காசியாவும் சேம்புக்குப் பூர்வீகம் கொண்டாடும் இன்னொரு பெரிய வட்டாரம். ஆசியாவில் ஒரு குடும்பம், பசிபிக்கில் ஒரு குடும்பம் என்று மரபணு பார்க்கிறவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கும் பழக்கம் புதிதல்ல. மலைச்சாரலில் வாடைக்காற்றில் ஆடும் சேம்பிலை பெரிய ஆண் யானையின் காதைப் போல அசைகிறது என்று குறுந்தொகையில் ஒரு புலவர் சொல்லியிருக்கிறார். வழிகாட்டி நண்பனிடம் இதைச் சொன்னேன். "அவரு சும்மா எழுதலப்பா. ராத்திரி ஓடைப் பக்கம் எல இப்பிடி ஆடுறதப் பாத்து நானே ரெண்டு தடவ நின்னுருக்கேன்" என்றான்.

மேற்கே போன சேம்பின் கதையைச் சுருக்கிவிடலாம். எகிப்துக்குப் போனது, அங்கிருந்து ரோமானியச் சமையற்கட்டுக்குள் நுழைந்தது, ஆப்பிரிக்காவின் மேற்குக்கரை வரை பரவியது. அடிமைக் கப்பல்களின் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத் தீவுகளில் இறங்கியது. எதிர்த் திசையில் அமெரிக்காவிலிருந்து அதன் பங்காளி ஒன்று இங்கே வந்து, மலையாளக் கரையில் சீமைச்சேம்பு என்று வேரூன்றிவிட்டது. இலை பார்க்க ஒன்றுபோல இருக்கும், இனம் வேறு.

கிழக்கே போன வழிதான் பெரிய வழி. தோணிகளில் தீவு தீவாகத் தாவிய ஆஸ்திரனேசிய மக்களோடு சேம்பும் தாவியது. தூரம் கூடக் கூடச் செடிகள் குறைந்தன. எது பயணம் தாங்குமோ, எது சோறு போடுமோ அதுதான் தோணியில் ஏறும். இப்படிச் சலித்து எடுத்த இருபதுக்கு மேற்பட்ட செடிகளோடு பாலினீசியர்கள் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது கி.பி. 1000-க்கும் 1200-க்கும் இடையில் என்று இப்போது கணிக்கிறார்கள். சேம்பு, வாழை, கரும்பு, தென்னை, ஈரப்பலா ஆகியவற்றோடு மஞ்சளும் இஞ்சியின் ஓர் இனமும் அந்தத் தோணியில் இருந்தன. வண்டன்மேட்டில் ஒரு வீட்டுக் கொல்லையைப் பார்த்தால் இதில் முக்கால்வாசி அங்கேயே நிற்கும். கூடவே கோழி, நாய், பன்றி. பன்றியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதனிடம் திரும்ப வரவேண்டும்.

கருவி இல்லாமல் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது, தற்செயலாக ஒதுங்கியவர்கள்தான் என்று சொன்ன வெள்ளைக்கார அறிஞர்கள் இருந்தார்கள். அதற்குப் பதிலாக ஹோகுலேயா என்ற இரட்டைத்தோணியைக் கட்டினார்கள். 1976-இல் அதை மைக்ரோனேசியாவின் மவு பியாய்லுக் என்ற மாலுமி விண்மீனையும் அலையையும் மட்டும் பார்த்து ஹவாயிலிருந்து தாகித்தி வரை ஓட்டிக் காட்டினார். சுமார் 4,000 கிலோமீட்டர், ஒரு மாதத்துக்கு மேல் கடலில். பழைய முறைப்படியே ஒரு பன்றியும் ஒரு நாயும் கோழியும் கூடப் போயின.

ஹவாயில் இறங்கிய பிறகு சேம்பு வெறும் கிழங்காக இருக்கவில்லை. ஆகாயத் தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகுகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. இரண்டாவதாகப் பிறந்த ஹாலோவாதான் முதல் மனிதன். ஆக, சேம்பு அவர்களுக்கு உறவுமுறையில் அண்ணன். அண்ணன் சோறு போடுவான், தம்பி அண்ணனைப் பேணவேண்டும். போயிக் கலயத்தின் மூடி திறந்திருக்கும்போது சண்டைச்சச்சரவு பேசக்கூடாது என்று அந்த வீடுகளில் இன்றும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வயலை அவர்கள் லோஇ என்பார்கள். ஆற்றிலிருந்து கால் வெட்டி, பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும்படி வரப்பு கட்டி, நம் நெல்வயல் கணக்காகச் சேற்றில் சேம்பு நிற்கும். தண்ணீர் தேங்கிச் சூடானால் கிழங்கு அழுகும், அதனால் ஓட்டம் முக்கியம். எடுத்த தண்ணீரை அப்படியே ஆற்றுக்குத் திருப்பி விட்டுவிடவேண்டும் என்பது முறை. கிழங்கு முற்ற ஒன்பது மாதத்துக்குக் குறையாது, ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அக்கா வீட்டுப் பக்கம் சித்திரை மழையில் ஊன்றினால் ஐப்பசியில் தோண்டிவிடலாம். நம்முடையது சிறுகிழங்கு கொத்துக் கொத்தாக வைக்கும் வகை. அங்கே ஒரே தாய்க்கிழங்கு உருண்டு திரண்டு வரும் வகைதான் பெரும்பாலும்.

அந்தக் கிழங்கைச் சுட்டோ அவித்தோ, தோல் நீக்கி, நீளப் பலகையில் வைத்து, கல்குழவியால் இடிப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் மணிக்கணக்காக இடிக்கிற வேலை. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு இடிக்க இடிக்கப் பசையாகும். சாம்பல் கலந்த ஊதா நிறம். ஒரு விரலில் எடுக்க வந்தால் கெட்டி, மூன்று விரல் வேண்டியிருந்தால் தண்ணி என்று விரல்கணக்கில்தான் பதம் சொல்வார்கள். முதல் நாள் இனிப்பு, வைக்க வைக்கப் புளிப்பு. மூன்றாம் நாள் போயி எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டதற்குக் கப்பல்காரன் சொன்னது: "உப்புப் போட மறந்த பழைய கேப்பைக் கூழு." கப்பலில் வந்த சுற்றுலாக்காரர்கள் பலர் ஒரு விரல் தொட்டு முகம் சுளித்துத் தள்ளிவைத்துவிடுவார்களாம். பாவம், அதோடு என்ன சேர்த்துச் சாப்பிடவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சேர்த்துச் சாப்பிட லாவ்லாவ் இருக்கிறது. பன்றிக்கறியையும் உப்புமீனையும் சேம்பிலைகளில் சுற்றி, மேலே டி என்ற செடியின் இலையால் கட்டி, மண்ணில் குழி தோண்டிச் சூடேற்றிய கற்களின் மேல் வைத்து மூடிவிடுவார்கள். கொழுப்பு உருகி இலையில் இறங்கும். உள்ளிலை கறியோடு கரைந்துபோகும், வெளியிலையை எடுத்துப் போட்டுவிடவேண்டும். இனிப்புக்குக் குலோலோ: துருவிய சேம்பு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்து நெடுநேரம் வேகவைத்த கெட்டிக் களி. இது நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஹவாய் உணவு என்று இன்று உலகத்துக்குத் தெரிந்த மற்றவையெல்லாம் பின்னால் வந்தவை. சோற்றின் மேல் மாட்டிறைச்சி வடையும் முட்டையும் குழம்பும் ஊற்றிய லோகோ மோகோ ஹிலோ ஊரில் 1940-களின் கடைசியில் பிறந்தது. டின் இறைச்சியைச் சோற்றுக்கட்டியின் மேல் வைத்துக் கடற்பாசி சுற்றுவது ஜப்பானியக் கூலிகளின் வழிவந்த கைவேலை.

இப்படிக் கூலிகள் வந்த கதைதான் சேம்பு இறங்குமுகமான கதையும். 1778-இல் கேப்டன் குக் வந்தபோது லட்சக்கணக்கில் இருந்த ஹவாய் மக்கள், வந்தவர்கள் கொண்டுவந்த நோய்களில் மடிந்து 1890-களில் சுமார் 40,000 ஆனார்கள். இடிக்க ஆளில்லை, தின்ன ஆளில்லை. சீனர்கள் 1852-இலிருந்து கரும்புத்தோட்டத்துக்கு வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் சும்மா கிடந்த லோஇகளை வாடகைக்கு எடுத்து நெல் போட்டார்கள். 1893-இல் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்ந்தது, 1898-இல் அமெரிக்கா தீவுகளை எடுத்துக்கொண்டது. கரும்புக் கம்பெனிகளுக்கு வேண்டியது தண்ணீர். மழை கொட்டும் பக்கத்து ஆறுகளை மலையைக் குடைந்து வறண்ட பக்கத்துக்குத் திருப்பினார்கள். ஓவாஹு தீவின் வையாஹோலே சுரங்கக்கால் 1916-இல் முடிந்தது.

இந்த இடத்தில் கம்பத்துக்காரன் யாரும் சற்றுத் தயங்கவேண்டும். மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது 1895-இல். வேலை ஒன்றுதான். ஆனால் இங்கே தண்ணீர் வந்தது நெல் போடும் குடியானவருக்கு. அங்கே போனது சர்க்கரை முதலாளிக்கு. சேம்பு வயலுக்கு வரவேண்டிய ஓட்டம் நின்று பாத்திகள் காய்ந்தன. அந்தக் கரும்புத்தோட்டம் 1995-இல் மூடியதும் தண்ணீரை ஆற்றுக்கே திருப்பி விடு என்று சேம்புக்காரர்கள் வழக்காடினார்கள். தண்ணீர் பொதுச் சொத்து என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்புச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகம் மூன்று சேம்பு வகைகளுக்குக் காப்புரிமை வாங்கிவைத்திருந்தது. அண்ணனுக்கு எவன் பட்டா வாங்குவது என்று மக்கள் திரண்டதும் 2006-இல் உரிமையைக் கைவிட்டது. கையால் இடித்த போயியைச் சுகாதார விதிகளின் கெடுபிடியில்லாமல் விற்க 2011-இல் தனிச் சட்டமே வந்தது.

இப்போது அங்கே சேம்பு அதிகம் விளைவது கவாய்த் தீவின் ஹனலேய்ப் பள்ளத்தாக்கில். கவாய் என்றதும் நம்மவர்களுக்கு ஆதீனம் நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் தொடங்கியது. பெங்களூர்ப் பக்கம் செதுக்கிக் கப்பலேற்றிய கருங்கல்லால் எழுந்த அங்குள்ள இறைவன் கோவிலுக்கு 2023-இல் குடமுழுக்கு நடந்தது. அதே தீவில்தான் ஹனலேய். சேம்பு போய் நெல் வந்து, நெல் போய் மறுபடி சேம்பு வந்த பள்ளத்தாக்கு. இடுக்கி மாவட்டம் பிறந்த அதே 1972-இல் அங்கே ஒரு வனவிலங்குப் புகலிடத்தை அமைத்தார்கள். அழியும் நிலையிலிருந்த நீர்ப்பறவைகளுக்கான புகலிடம். அவை கூடு கட்டுவது சேம்புப் பாத்தியில். அதனால் சேம்புக்காரர்களை வெளியே அனுப்பாமல் உள்ளேயே பயிர்செய்ய விட்டிருக்கிறார்கள். காட்டுத்துறையும் குடியானவரும் எதிரெதிரே நின்றே பார்த்துப் பழகிய இடுக்கிக்காரர்களுக்கு இதை நம்புவது போயியை விழுங்குவதை விடக் கஷ்டம்.

இனி பன்றி. தோணியில் வந்த பன்றியும் பின்னால் வெள்ளையர் கொண்டுவந்த பன்றியும் கலந்து, காடேறி, ஹவாயின் மலைகளை உழுதுபோட்டிருக்கின்றன. மரப்பெரணியின் தண்டைக் குடைந்து மாவைத் தின்றுவிட்டுப் போகும். குடைந்த குழியில் மழைநீர் நிற்கும், நீரில் கொசு பெருகும். 1826-வாக்கில் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயோடு வந்திறங்கிய கொசு அது. அதன் வழியாகப் பறவை மலேரியா பரவி, உலகில் வேறெங்குமில்லாத தேன்சிட்டு வகைகள் பல அழிந்தே போயின. சேம்பையும் பன்றியையும் ஒரே தோணியில் ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை.

வண்டன்மேட்டில் முறை தலைகீழ். பன்றி முதலிலேயே இருந்தது, சேம்புதான் பிறகு மூட்டையில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் திருவிதாங்கூர் அரசு மலைக்காட்டைத் திறந்துவிட்டு, வெட்டித் திருத்தி உணவுப்பயிர் செய்யச் சொன்னது. மீனச்சில் பக்கத்துக் குடும்பங்கள் மேலேறின. யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்துக்கொண்டு, கீழே கப்பை என்கிற மரவள்ளியும் சேம்பும் வைத்தார்கள். மிளகும் ஏலமும் பலன் தருகிறவரை அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியவை இந்தக் கிழங்குகள்தான். கிழக்கேயிருந்து ஏற்கெனவே தோட்டவேலைக்கு ஏறிக்கொண்டிருந்த தமிழர்களும் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் தங்கள் சேம்பை ஊன்றினார்கள். 1956-இல் எல்லைக்கோடு விழுந்தது. கிழங்கு எந்த மாநிலத்துக்கு என்று எந்தக் கமிஷனும் கேட்கவில்லை.

"இப்பல்லாம் ஓடையோரம் நடுறதே இல்ல," என்றாள் அக்கா. "பன்னி ஒரே ராத்திரில தோண்டிட்டுப் போயிரும். சேலை கட்டிப் பாத்தாச்சு, சவரக்கடை முடியக் கொண்டாந்து தூவியும் பாத்தாச்சு."

அத்தனை ஊசி குத்தியும் பன்றி எப்படித் தின்கிறது என்பது எனக்கு ஆச்சரியம். வழிகாட்டிக்கு அதில் ஆச்சரியமில்லை. அவன் சொல்வதெல்லாம், முன்பு காட்டோரம் மட்டும் மேய்ந்த கூட்டம் இப்போது ஏலத்தோட்டத்துக்குள்ளேயே குட்டிபோட்டுக் குடியிருக்கிறது என்பதுதான். அவனோடு காட்டில் நடப்பவர்களில் ஒரு காலத்தில் வயன மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்களும் உண்டு. பெரியார் சரணாலயத்தில் அவர்களையே சங்கமாக்கி வழிகாட்டிகளாக மாற்றியிருக்கிறார்கள். பேச்சு அப்படியே அரிக்கொம்பனுக்குத் தாவியது. சின்னக்கானலில் ரேஷன்கடை அரிசிக்காகச் சுவரை இடித்த யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். மே 27 அன்று கம்பம் தெருவிலேயே வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு லாரியேற்றினார்கள். அன்றைக்கு யார் எந்த மாடியில் நின்று பார்த்தோம் என்று கம்பத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யானைக்கு லாரி, பன்றிக்குத் துப்பாக்கி. விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தது. விஷம் வைக்கக்கூடாது, மின்சாரம் பாய்ச்சக்கூடாது. உரிமம் உள்ளவர் சுடலாம், ஆனால் செத்த பன்றியைப் புதைத்துவிடவேண்டும். கறி எடுக்கக்கூடாது. ஹவாயில் காட்டுப்பன்றியை வேட்டையாடி, மண்குழியில் வேகவைத்து, ஊரே கூடித் தின்கிறது என்று கப்பல்காரன் சொன்னதும் வழிகாட்டி சிரித்தான்: "இங்க அதச் செஞ்சா ஊரு கூடாது, கோர்ட்டுதான் கூடும்."

இந்தப் பேச்சின் வேகத்தில் லாவ்லாவ் செய்து பார்க்கவேண்டும் என்று முடிவானது. பண்ணைப் பன்றிக்கறி வண்டன்மேட்டுச் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். டி இலைக்குப் பதில் வாழையிலை, மண்குழிக்குப் பதில் இட்லிப்பானை. இலையின் நடுநரம்பைச் சீவி, நாலு இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கறியும் கல்லுப்பும் வைத்துக் கப்பல்காரன் மடித்துக் கட்டினான். மூன்று மணி நேரம் ஆவியில் வைத்தான். பழைய அனுபவம் அவனை அவசரப்படவிடவில்லை. இலை உண்மையாகவே கறிக்குள் கரைந்து, பசலைக்கீரையை விடக் கெட்டியான ஒரு மசியலாகி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அக்கா தன் பங்கின் மேல் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டாள். 1903-இலிருந்து சென்னையில் கப்பலேறி பிஜித் தீவின் கரும்புத்தோட்டத்துக்குப் போன நம் ஆட்களும் அப்படித்தான் ஏதாவது செய்திருப்பார்கள். அங்கே டாலோ என்று இதே கிழங்கு எதிரே வந்து நின்றது. அதன் இலையைத் தேங்காய்ப்பாலில் மசாலா போட்டு வேகவைக்கும் கறி இன்று பிஜி இந்திய வீடுகளின் அன்றாடச் சமையல்.

பிஜியிலிருந்து அதிகத் தூரமில்லாத சமோவாவில் 1993-இல் இலைக்கருகல் நோய் இறங்கி ஊர் ஊராகச் சேம்பை அழித்தது. எல்லாத் தீவிலும் ஒரே தாயின் தலையை அரிந்து அரிந்து நட்டதில் வந்த வினை. விதையில்லாப் பயிரில் தாய்க்குள்ள பலவீனம் அத்தனைக்கும் உண்டு. பிறகு பலாவு, மைக்ரோனேசியா வகைகளையும் ஆசியக் குடும்பத்து வகைகளையும் கலந்து, நோய் தாங்கும் சேம்பை உருவாக்கி மீண்டார்கள். ஆதியில் பிரிந்த இரண்டு குடும்பம் ஆய்வுக்கூடத்தில் சம்பந்தம் செய்துகொண்டது. இடுக்கியிலும் ஆடி மழையில் இலையில் வட்டவட்டமாகக் கருகல் விழும். அதே நோய்தான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இலிருந்து இருக்கும் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீகிரண் என்ற கலப்புச் சேம்பையும் வேறு பல வகைகளையும் வெளியிட்டிருக்கிறது. வண்டன்மேட்டு லயங்களில் அந்தப் பெயர்களை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே கறுத்த தண்டு, வெளுத்த தண்டு, அவ்வளவுதான் ரகம்.

புதிய ரகம் வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது. கம்பத்து ஜீப்புகளில் ஆள் குறைந்து, ஏலத்தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அசாமிலும் வங்காளத்திலும் சேம்பு வெறும் கிழங்குக்காக இல்லை. கொடி மாதிரி ஓடும் தளிரைக்கூட ஒடித்துக் கறி வைப்பார்கள். புளியன்மலைப் பக்கம் ஒரு லயத்தின் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில், நம்முடையதைவிட ஒடிசலான தண்டோடு ஒரு வரிசை நின்றது. கேட்டால் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தது என்றார்கள். அக்கா அதில் இரண்டு தலை வாங்கிவந்து சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி நட்டு, பன்றிக்குப் பயந்து மொட்டைமாடியில் ஏற்றி வைத்திருக்கிறாள். இப்போதைக்கு அவள் கவலையெல்லாம் குரங்கு.